கேட்டது 2024, வந்தது 2013

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: வெள்ளி மேப்பிள் லீஃப் நாணயங்கள் ஆண்டு மாறி வந்தது பற்றி

ஐயா / அம்மா,

சென்ற மாதம் உங்களிடம் கனடா அரச நாணயசாலையின் ஒரு அவுன்ஸ் வெள்ளி மேப்பிள் லீஃப் ஒரு குழாய், அதாவது 25 நாணயங்கள் வாங்கினேன். எல்லாம் 2024 என்று உங்கள் ரசீதே சொல்கிறது. அது என் பேத்தி பிறந்த வருடம். பழைய வருடத்து நாணயங்கள் உங்களிடமே மலிவாகக் கிடைத்தும் கூடுதல் விலை கொடுத்தது அதற்காகத்தான்.

குழாயைத் திறந்தால் மேலே மூன்றில் மன்னர் சார்லஸ், ஆண்டு 2024. சரி என்று மேசையில் கொட்டினேன். மீதி 22-இலும் மகாராணி எலிசபெத், அத்தனையும் 2013. தெரிந்தே செய்தீர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சந்தையில் நல்ல தக்காளியை மேலே அடுக்கிய கூடைதான் ஞாபகத்துக்கு வந்தது.

தொலைபேசியில் கேட்டபோது உங்கள் ஊழியர், "வெள்ளி வெள்ளிதானே, எடை குறையவில்லையே" என்றார். எடை சரிதான். ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்த்தேன், 31.1 கிராம். போலி என்பதும் என் புகார் அல்ல. ஆனால் இந்த நாணயத்தில், போலி செய்வதைத் தடுக்க, பின்னணியில் நடுவிலிருந்து விரியும் கதிர்க் கோடுகளும், ஆண்டின் கடைசி இரண்டு இலக்கத்தைத் தாங்கிய குட்டி இலை வடிவ லேசர் குறியும் வந்தது 2014-இல். எனக்கு வந்த 22-இல் இரண்டுமே கிடையாது. அப்புறம் பால் புள்ளி. ஒன்பது நாணயங்களில் துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டுகள். இதைக் குறைக்கத்தான் நாணயசாலை 2018-இல் மின்ட்ஷீல்ட் முறையைக் கொண்டுவந்தது. புள்ளி விழுந்த நாணயத்துக்கு விலை குறைப்போம் என்று உங்கள் கடைச் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறீர்கள். எங்களிடம் வாங்கும்போது குறை, எங்களுக்கு விற்கும்போது மட்டும் வெள்ளி வெள்ளிதானா?

குழாயைத் திறந்துவிட்டால் திருப்பி எடுக்க மாட்டீர்களாம். திறக்காமல் அடியில் எந்த வருடம் இருக்கிறது என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது?

அந்த மூன்றை நானே வைத்துக்கொள்கிறேன். மற்ற 22-க்கும் 2024 நாணயங்கள் தாருங்கள், இல்லையென்றால் நான் கட்டிய விலையைத் திருப்பித் தாருங்கள். இரண்டு வழித் தபால் செலவும் காப்பீடும் உங்களுடையது. வெள்ளி விலை இடையில் ஏறினாலும் இறங்கினாலும் ரசீதில் உள்ள விலையே கணக்கு. 14 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும், தொலைபேசியில் வேண்டாம்.

ரசீதும் படங்களும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
ஸ்காபரோ