மதிலுக்கு அனுமதி தரும்போது மழைநீருக்கும் வழி விடுங்கள்

யாழ்ப்பாண மாவட்டப் பிரதேச சபைகளின் மதிப்புக்குரிய தவிசாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். வலிகாமத்தில், லொறி ஒன்று உள்ளே வந்தால் சைக்கிளில் வருபவர் இறங்கி ஓரமாக ஒதுங்கி நிற்க வேண்டிய அளவு ஒடுக்கமான ஓர் ஒழுங்கையில் குடியிருப்பவன் நான். எங்கள் ஒழுங்கையில் உள்ள பதினொரு வளவுகளில் எட்டுக்கு இப்போது சீமெந்துக்கல் மதில். பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர் அத்தனைக்கும் கிளுவையும் பூவரசும் நின்ற வேலிகளே இருந்தன. இந்த மாற்றத்தால் யாரும் எண்ணிப் பாராத ஒரு கேடு எங்களுக்கு வந்திருக்கிறது. அதைத் தடுக்கும் அதிகாரம் உங்கள் சபைகளிடம் இருப்பதால் இம்மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

2024 நவம்பர் இறுதியில் பெய்த மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எனக்கு அடுத்த வளவில் தனியே வாழும் எழுபது வயதைக் கடந்த ஆச்சியின் முற்றத்தில் மூன்று நாட்களாக முழங்கால் அளவு வெள்ளம் நின்றது. மலசலகூடக் குழி நிரம்பி, அந்தத் தண்ணீரும் வெள்ளத்தோடு கலந்து கிணற்றுக் கட்டின் விளிம்பைத் தொட்டது. அவருடைய வளவுக்கு மேற்கே உள்ள காணி தாழ்ந்தது. அதற்கு அப்பால் வயல். எங்கள் அப்பாமார் காலத்திலிருந்தே அந்தப் பக்கத்து வெள்ளம் கிளுவை வேலியின் அடியால் கசிந்து வயலுக்குப் போய்விடும். இப்போது அந்த எல்லையில் அடிவரை பூசி மெழுகிய ஆறடி மதில் நிற்கிறது. நான்காம் நாள் காலை, வெளிநாட்டில் இருக்கும் காணிக்காரரைத் தொலைபேசியில் அழைத்து நிலைமையைச் சொன்னோம். அவர் தயங்கவேயில்லை, உடனே உடைக்கச் சொன்னார். அலவாங்கால் மதிலடியில் இரண்டு கல் அளவுக்கு ஒரு துவாரம் போட்டோம். மாலைக்குள் வெள்ளம் கணுக்காலுக்கு இறங்கிவிட்டது.

அந்த மனிதர் எந்த விதியையும் மீறவில்லை. அவருடைய அனுமதிப் பத்திரத்தை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். காணி உறுதியின் பிரதி, நில அளவை வரைபடம், மதிலின் நீளம், உயரம், வீதிக்கோட்டிலிருந்து விட வேண்டிய தூரம் என்று எல்லாம் கேட்டிருந்தார்கள், எல்லாவற்றையும் அவர் ஒழுங்காகக் கொடுத்திருந்தார். மழைநீர் எந்தப் பக்கமாக ஓடுகிறது என்ற ஒரு கேள்வி மட்டும் அதில் இல்லை. கேட்டிருந்தால் இரண்டு கல்லை முதலிலேயே விட்டுக் கட்டியிருப்பார், அதற்கு ஒரு சதமும் கூடுதலாகச் செலவாகியிருக்காது.

வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத குடாநாடு இது. வழுக்கையாறுகூட மாரியில் மட்டுமே ஓடுகிறது. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான மூன்று மாதங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அது சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கினால்தான் கோடையில் கிணற்றில் தண்ணீர். வேலி என்பது இங்கே வெறும் எல்லையாக இருந்ததில்லை. வேலிக்கு ஊன்றித் தழைத்த தடிகளான கதியால்களின் வேர்கள் மண்ணை இளக்கி வைத்தன, அடியில் கிடந்த சருகு ஓடும் நீரை மெதுவாக்கி நிலத்துக்குள் இறக்கியது. ஆட்டுக்குக் குழையும் தோட்டத்துக்குப் பசளையும் அந்த வேலியிலிருந்தே வந்தன. வேலியில் ஆள் நுழைய விட்டிருந்த இடைவெளியான பொட்டுக்குள்ளால் ஒரு வீட்டுக் கறிக்கிண்ணம் மறு வீட்டுக்குப் போனதையும் இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை, ஆனால் அதைச் சட்டத்தால் மீட்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

மதில் கட்டுகிறவர்களை நான் குறை சொல்ல வரவில்லை. ஆண்டுதோறும் வேலி அடைக்கக் கிடுகும் இல்லை, ஆளும் இல்லை. கட்டிய வேலியைக் கறையான் விட்டுவைப்பதுமில்லை. பெண்கள் தனித்திருக்கும் வீட்டுக்கு மதில் தரும் நிம்மதி சிறியதன்று. அதைவிட ஆழமான காரணம் ஒன்றும் உண்டு. 1995 ஒக்டோபர் இறுதியில் போரால் வலிகாமத்தை விட்டு ஓடியவர்கள் திரும்பி வந்தபோது, பலருடைய காணிகளில் எல்லைக் கதியால் ஒன்றுகூட நிற்கவில்லை. இராணுவம் வைத்திருந்த உயர் பாதுகாப்பு வலயங்களிலிருந்து பிற்காலத்தில் விடுவிக்கப்பட்ட இடங்களிலோ பற்றைக் காட்டுக்குள் கிணற்றைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து அளந்துதான் தங்கள் வளவைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒரு முறை எல்லையை இழந்தவன் அடுத்த முறை அதைச் சீமெந்தால் போட நினைப்பது இயல்பு. ஆகவே மதிலைத் தடை செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை.

நான் கேட்பது, மதிலையும் காணி நிரப்புவதையும் ஒரே அனுமதியின் இரு பகுதிகளாகச் சபை பார்க்க வேண்டும் என்பதே. தாழ்ந்த காணியை வாங்குகிறவர் லொறி லொறியாகக் கிரவல் பறித்து இரண்டடி உயர்த்திவிட்டால், மதிலில் எத்தனை துவாரம் இருந்தும் பயனில்லை. அயல் வளவு குளமாகிவிடும். நான்கு பரப்புக் காணி பிள்ளைகளுக்குப் பிரிந்து ஒவ்வொரு பரப்பாகி, ஒவ்வொன்றும் தனித்தனி உயரத்துக்கு நிரப்பப்படுவதை இன்று எந்த ஊரிலும் பார்க்கலாம். அயல் காணிகளின் மட்டத்தையும் ஒழுங்கையின் மட்டத்தையும் குறிக்காத வரைபடத்துக்கு அனுமதி கொடுக்காதீர்கள். நீரோட்டத்துக்குக் குறுக்கே வரும் மதிலில் நிலமட்டத்தில் போதிய துவாரங்கள் விடுவதைக் கட்டாய நிபந்தனையாக்குங்கள். மதில் எழும்பிய பின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒரு முறை வந்து, அந்தத் துவாரங்கள் பூசி அடைக்கப்படவில்லை என்பதைப் பார்க்க வேண்டும்.

ஒழுங்கை முடக்குகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிளுவைக் கதியால்களுக்கு இடையால் எதிரே வருபவரின் நிழலாவது தெரியும். ஆறடி மதில் மூலையில் மோட்டார் சைக்கிளின் சத்தம் கேட்கும்போது அது முன்னால் வந்துவிடுகிறது. முடக்கில் மதிலின் மூலையைச் சரித்துக் கட்டவும், அந்தப் பகுதியில் உயரத்தைக் குறைக்கவும் விதி தேவை.

எல்லைத் தகராறுகளுக்கும் இதில் ஓரளவு தீர்வு உண்டு. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபைகளுக்கு வேலி வழக்குகள் போவதை நாம் அறிவோம். மதில் எழும்பிய பிறகு அங்கே போகிறவர்களுக்கு விட்டுக்கொடுக்க இடமே இருப்பதில்லை, ஏனென்றால் ஒரு முழம் விட்டுக்கொடுப்பது இலட்சக்கணக்கான ரூபாய் மதிலை இடிப்பதாகிவிடுகிறது. அத்திவாரம் வெட்டுவதற்கு முன் அயலவருக்கு எழுத்தில் அறிவித்து, இரு தரப்பாரும் நிற்க எல்லைக்கல்லைப் பார்ப்பதை நடைமுறையாக்கினால் இவற்றில் பல தொடங்காமலே போகும்.

1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் துணைவிதிகள் ஆக்கும் அதிகாரத்தை உங்களுக்குத் தந்திருக்கிறது. ஆனால் துணைவிதி நிறைவேறி வர்த்தமானியில் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. விண்ணப்பப் படிவத்தில் நீரோட்டத்தைப் பற்றிய ஒரு கேள்வியைச் சேர்ப்பதற்கு ஒரு சபைக் கூட்டம் போதும். உயிர்வேலியை வைத்திருக்க விரும்பும் குடும்பங்களுக்குக் கிளுவை, பூவரசுக் கதியால்களைச் சபை பெற்றுக் கொடுத்தால் மாரி தொடங்கும்போதே அவற்றை நட்டுவிடலாம்.

ஆச்சியின் மேற்கு எல்லையில் நாங்கள் போட்ட துவாரம் இன்னும் அப்படியே இருக்கிறது. மதிலுக்கு அப்பால் உள்ள காணியில் இப்போது கிரவல் பறிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். குவியல் துவாரத்துக்கு மூன்றடி தூரத்தில் நிற்கிறது. வரும் ஐப்பசிக்கு முன் எங்கள் ஒழுங்கைக்கு ஓர் உத்தியோகத்தரை அனுப்பி வையுங்கள். நீர் எந்த வழியால் ஓடியது என்பதை வளவு வளவாகக் காட்டுவதற்கு நாங்கள் இருக்கிறோம்.

இவ்வண்ணம்,
வலிகாமத்து ஒழுங்கை ஒன்றின் குடியிருப்பாளன்