"ஆவாது"ன்னு சொன்னா எந்த ஆவாதுன்னு கேளுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் குடியாத்தத்துல வீட்டுலயே டைலரிங் பண்றேன். பேப்பர் தெனமும் படிப்பேன், லெட்டர் எழுதறது இதான் மொத தடவை. எழுத்துப்பிழை இருந்தா திருத்திக்குங்க, விஷயத்த மட்டும் கொறைச்சிடாதீங்க.

நம்ம வடாற்காடு பக்கம் எத தின்னு ஒடம்பு கெட்டாலும் ஒரே வார்த்தைதான், "அது எனக்கு ஆவாது". எறா தின்னா ஒதடு வீங்குது, ஆவாது. பால் குடிச்சா வயிறு பொருமுது, ஆவாது. சப்பாத்தி தின்னா பேதி ஆவுது, அதுவும் ஆவாது. இது மூணும் வேற வேற சமாச்சாரம்னு எனக்கு புரியறதுக்குள்ள என் பையன் ரெண்டு வருஷம் கஷ்டப்பட்டுட்டான் சார்.

அவன் இப்ப எட்டாவது படிக்கறான். ஆறாவது சேந்ததுல இருந்து காலைல ஒரு பெரிய டம்ளர் பால் குடுத்துதான் ஸ்கூலுக்கு அனுப்புவேன், வளர்ற புள்ளைன்னு. ரெண்டாவது பீரியட் வந்தா வயித்த புடிச்சிகினு பெஞ்சுல தலைய சாச்சிடுவான், மிஸ் போன் பண்ணுவாங்க. ரெண்டாவது பீரியட் கணக்கு, அதனால நான் இன்னா நெனச்சேன்னா இவன் கணக்குக்கு பயந்துகினு நடிக்கறான்னு. ஒரு நாள் ஸ்கூல் வாசல்லயே முதுகுல ரெண்டு வெச்சேன், அத நெனச்சா இன்னைக்கும் மனசு ஆறல. பூச்சி மாத்திரை குடுத்தோம், ஓமத்தண்ணி குடுத்தோம், தொக்கம் கூட எடுத்துகினு வந்தோம். எங்க மாமியார் கிட்ட பாலா இருக்குமோன்னு ஒரு தடவ கேட்டதுக்கு, "மாடு கட்டி கறந்து குடிச்ச ஊடு இது, பால் ஆவாதுன்னு எவனாவது சொல்லிகீறானா, சின்னதுல குடிச்சான்ல"ன்னு ஒரே போடா போட்டுட்டாங்க.

அப்பறம் முழு பரீட்சை லீவுக்கு பேரணாம்பட்டு பக்கம் எங்க அம்மா ஊட்டுல ஒரு மாசம் இருந்தான். அங்க காலைல கேழ்வரகு கூழுல மோர ஊத்தி வெங்காயம் கடிச்சிகினு குடிக்கறதுதான், பால் கெடையாது. ஒரு நாள் கூட வயிறுன்னு சொல்லல. ஜூன்ல ஸ்கூல் தொறந்து மறுபடி டம்ளர் பால் குடுத்த மூணாவது நாளே மிஸ் போன்.

அப்பதான் வேலூருக்கு கூட்டினு போனேன். டாக்டர் மருந்து எழுதல, மொதல்ல ரெண்டு வாரம் இன்னா தின்றான், எத்தினி மணிக்கு தின்றான், எத்தினி மணிக்கு வலிக்குதுன்னு எழுதிகினு வாங்கன்னாரு. ப்ளவுஸ் அளவு எழுதற நோட்டுதான் கைல இருந்துச்சு, அதோட கடைசி பக்கத்துல எழுதினேன். "7.40 பால். 9.15 வயிறு கடமுடன்னுது. 9.40 ரெண்டு தடவ போனான்." அடுத்த நாளு, "பால் இல்ல, ரெண்டு இட்லி. ஒண்ணும் இல்ல." மறுநாள், "மத்தியானம் தயிர் சாதம். ஒண்ணும் இல்ல." ஒரு ஞாயித்துக்கிழம ஆற்காட்டுல இருந்து வந்த மக்கன் பேடா மூணு தின்னுட்டான், அன்னைக்கு ராத்திரி ஒரே ரகளை, கோவா போட்டுதான அது செய்யறாங்க. ரெண்டு வாரம் முடியறப்ப எனக்கே வெளிச்சமா தெரிஞ்சிடுச்சு.

அதுக்கு மேல ஊதற டெஸ்ட் எடுத்தாங்க. வெறும் வயித்துல லாக்டோஸ் சக்கரைய தண்ணில கலந்து குடுத்து, அரை மணிக்கு ஒரு தடவ மெஷின்ல ஊத சொல்றாங்க. பால்ல இருக்கற அந்த சக்கரைய ஒடைக்க சிறுகொடல்ல லாக்டேஸ்னு ஒரு நொதி இருக்கணும். அது கம்மியா இருந்தா சக்கரை அப்படியே பெருங்கொடலுக்கு போயிடுது, அங்க இருக்கற கிருமி அத புளிக்க வெச்சி காஸ் ஆக்குது, தண்ணியயும் இழுத்துக்குது. வயிறு உப்பறதும் பேதியும் அதான். அந்த காஸ்ல இருக்கற ஹைட்ரஜன் ரத்தம் வழியா மூச்சுல வந்துடும், மெஷின் அததான் அளக்குது. சின்ன புள்ளையா இருக்கறப்ப இந்த நொதி நெறைய இருக்கும், வளர வளர நெறைய பேருக்கு கொறைஞ்சிகினே வரும், ஒலகத்துல பெரியவங்கள்ல பாதிக்கு மேல இப்படித்தானாம், நம்ம தென்னிந்தியாவுல வடக்க விட ஜாஸ்தி. அதனால எங்க மாமியார் சொன்ன "சின்னதுல குடிச்சான்ல" உண்மைதான், இப்ப வலிக்கறதும் உண்மைதான்.

பால மொத்தமா நிறுத்தணுமான்னு கேட்டேன், தேவையில்லன்னாரு. 100 மில்லி பால்ல கிட்டத்தட்ட 5 கிராம் லாக்டோஸ். இந்த மாதிரி இருக்கற நெறைய பேருக்கு ஒரு வேளைக்கு 12 கிராம் வரைக்கும் தாங்கும், அதுவும் சாப்பாட்டோட சேந்து போனா இன்னும் நல்லது. நான் குடுத்தது 300 மில்லிக்கு மேல, வெறும் வயித்துல. தயிர்ல ஒறை கிருமி பாதி வேலைய முடிச்சி வெச்சிடுது, நெய்ல லாக்டோஸ் இல்லன்னே சொல்லலாம். இப்ப இட்லியோட ஒரு சின்ன டம்ளர் காபி பால் குடிக்கறான், தயிர் மோர் தாராளமா. கால்சியத்துக்கு கேழ்வரகு, முருங்கக்கீரை, எள்ளுருண்டை, நெத்திலி கருவாடு. கேழ்வரகு 100 கிராம்ல 340 மில்லிகிராமுக்கு மேல கால்சியம் இருக்கு, பால்ல 120 தான். கேழ்வரகுல இருக்கறது முழுசா ஒடம்புல சேராதுன்னும் சொன்னாங்க, இருந்தாலும் தெனமும் ஒரு வேள கூழோ களியோ பண்றேன்.

ஆனா இந்த "கொஞ்சம் தின்னா தாங்கும்" கணக்க எல்லா ஆவாதுக்கும் போட்டா உயிருக்கே வந்துடும். எங்க அண்ணிக்கு எறா தின்னா ஒதடு வீங்கி தடிப்பு தடிப்பா வரும். அது அலர்ஜி, ஒடம்போட எதிர்ப்பு சக்தியே அந்த சாப்பாட்ட எதிரியா பாக்கறது. வேர்க்கடலை, முட்டை, பால்ல இருக்கற புரதம், எதுக்கும் வரலாம். அங்க ஒரு துண்டே ஜாஸ்தி. விருந்துல "ஒண்ணே ஒண்ணு அண்ணி, எனக்காக"ன்னு எலைல வெக்கறவங்கள பாத்தா எனக்கு வயிறு கலங்குது. மூச்சு திணறுச்சுன்னா வீட்டு வைத்தியம் எதுவும் பாக்காம 108க்கு போன் போடணும்.

கோதுமை விஷயம் இன்னும் தனி. எங்க தெருவுல ஒரு பொண்ணு எப்பவும் ரத்தசோகை, வயசுக்கு வளரல. செலியாக்னு கண்டுபுடிச்சாங்க, கோதுமைல இருக்கற குளூட்டன்ங்கற புரதத்தால ஒடம்பே தன் கொடல தாக்கிக்கற நோய். அதுக்கு ஆயுசுக்கும் கோதுமை கூடாது, கொஞ்சம் கூட. அவங்க அம்மா யாரோ சொன்னாங்கன்னு டெஸ்டுக்கு முன்னாடியே சப்பாத்தி, ரவை எல்லாம் நிறுத்திட்டாங்க. கோதுமைய நிறுத்திட்டா ரத்த டெஸ்ட்ல சரியா காட்டாது, மறுபடி சாப்ட்டு வாங்கன்னு அனுப்பிட்டாங்க, பாவம் அந்த பொண்ணு அந்த சில வாரம் பட்ட பாடு. அப்பறம் எல்லாம் நிறுத்தியும் முழுசா சரியாவல, பாத்தா சாம்பார்ல போடற கூட்டுப் பெருங்காயத்துல கோதுமை மாவு கலந்திருக்கு. டப்பாவ திருப்பி படிச்சா எழுதியிருக்கு, யாரு படிக்கறோம்?

இன்னொண்ணயும் சொல்லியே ஆவணும். ராணிப்பேட்டைல இருக்கற எங்க சொந்தக்காரர் ஒருத்தர் ஒரு லேப்ல ஆயிரக்கணக்குல காசு குடுத்து நூத்துக்கு மேல சாப்பாட்டுக்கு ஒரே ரத்தத்துல பாக்கற ஐஜிஜி (ரத்தத்துல இருக்கற ஒரு வகை எதிர்ப்புப் பொருள்) டெஸ்ட் எடுத்தாரு. அரிசி, தொவரம்பருப்பு, தக்காளின்னு செவப்பு மை லிஸ்ட் வந்துச்சு, எல்லாத்தையும் நிறுத்திட்டு ஆளு பாதி ஆயிட்டாரு. அந்த ஐஜிஜி நாம அடிக்கடி சாப்பிடறதுக்கு ஒடம்புல சும்மாவே இருக்கும், அத வெச்சி இது ஒத்துக்காதுன்னு சொல்ல முடியாதுன்னு அலர்ஜி டாக்டர்ங்களே சொல்றாங்க. என் நோட்டு பத்து ரூவா சார், அது காட்டின அளவுக்கு அந்த லிஸ்ட் காட்டல.

அதனால உங்க பேப்பர் வழியா ரெண்டு பேர கேட்டுக்கறேன். பாக்கெட்ல விக்கற பொருளுக்கு பால், கோதுமை, வேர்க்கடலை, சோயா இதெல்லாம் இருந்தா எழுதணும்னு உணவு பாதுகாப்பு ஆணையத்தோட (எஃப்எஸ்எஸ்ஏஐ) 2020 விதிமுறைல இருக்கு. தட்டுல அடுக்கி வெச்சி விக்கற ஸ்வீட்ல நமக்கு ஒண்ணும் தெரியறதில்ல. கடைக்காரங்க ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு அட்டைல "கோவா, மைதா, முந்திரி"ன்னு கையால எழுதி வெச்சா போதும். டீச்சருங்க, புள்ள தெனம் அதே நேரத்துக்கு வயித்த புடிச்சா காலைல இன்னா சாப்ட்டன்னு ஒரு வார்த்த கேளுங்க. நான் கேக்காம விட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குடியாத்தம்.