மாஸ்டர்ஸ் கோல்ஃப் வரலாற்றில் கேடிகளுக்கும் இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியின் வரலாறு பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையை வரி விடாமல் படித்தேன். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள அகஸ்டாவில் பழைய நாற்றுப் பண்ணை ஒன்றைக் கோல்ஃப் வீரர் பாபி ஜோன்ஸும் கிளிஃபோர்ட் ராபர்ட்ஸும் மைதானமாக்கியது, 1934-இல் முதல் போட்டி நடந்தது, பதினெட்டுக் குழிகளுக்கும் செடிகொடி மரங்களின் பெயர் வைத்தது, 1949 முதல் வெற்றியாளருக்குப் பச்சைக் கோட்டு போட்டுவிடுவது எல்லாம் இருந்தன. அந்தப் புல்வெளியில் ஆட்டக்காரர்களின் மட்டைப் பை சுமந்து நடந்த உதவியாளர்களான கேடிகளை (caddies) பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. என்னால் அதைக் கடந்து போக முடியவில்லை.

என் தந்தை உதகையில் கேடியாக இருந்தவர். பை தூக்குவதுதான் கேடியின் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, இங்கிருந்து குழி எவ்வளவு தூரம், எந்த மட்டையை எடுக்கலாம் என்றெல்லாம் ஆட்டக்காரருக்குச் சொல்பவரும் அவர்தான். குழியை நெருங்கியதும் அப்பா குந்தி உட்கார்ந்து புல்தரையின் சரிவைக் கண்ணால் அளப்பார். “இரண்டு விரல் இடப்பக்கம்” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்துகொள்வார். பந்து குழிக்குள் விழுந்தால் கைதட்டல் துரைக்குத்தான்.

அகஸ்டாவில் 1982 வரை ஒரு விதி இருந்தது. எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் சொந்தக் கேடியை அழைத்துவரக் கூடாது; கிளப்பின் கேடிகளில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கேடிகள் கறுப்பினத்தவர்கள். வெள்ளை நிற முழு உடுப்பு அணிந்து, முதுகில் ஆட்டக்காரரின் பெயரைச் சுமந்து நடந்தார்கள். ஜாக் நிக்லஸ் அங்கே ஆறு முறை வென்றார். அவற்றில் ஐந்து முறை அவருடன் நடந்தவர் வில்லி பீட்டர்சன். விதி தளர்ந்து 1983 முதல் ஆட்டக்காரர்கள் தங்கள் கேடிகளையே அழைத்துவரத் தொடங்கியதும், அந்த மண்ணை விரல்நுனியில் வைத்திருந்த பலருக்கு அங்கே வேலை இல்லாமல் போயிற்று.

தப்பி நின்றவர்களில் ஒருவர் கார்ல் ஜாக்சன். குடும்ப வறுமையால் பள்ளியை விட்டுவிட்டுச் சிறுவயதிலேயே பை தூக்க வந்தவர். 1995-இல் ஆட்டக்காரர் பென் கிரென்ஷா தன் குருநாதர் ஹார்வி பெனிக்கின் சவப்பெட்டியைத் தோளில் சுமந்துவிட்டு, மறுநாளே ஆட வேண்டிய நிலையில் அகஸ்டாவுக்குத் திரும்பினார். அந்த வாரம் அவருடைய ஆட்டத்தைக் கவனித்த ஜாக்சன், நிற்கும்போது பந்தைச் சற்றே பின்னால் வைக்கவும் தோளை இறுக்கமாகத் திருப்பவும் சொன்னார். கிரென்ஷா வென்றார். கடைசிக் குழியில் குனிந்து அழுத அவரைத் தாங்கிப் பிடித்தவரும் ஜாக்சன்தான்.

கறுப்பினத்தவர் கேடியாக வரலாம், ஆட்டக்காரராக வர முடியாது என்ற நிலையும் அங்கே நெடுங்காலம் நீடித்தது. 1967-இலும் 1969-இலும் அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளில் வென்ற கறுப்பின ஆட்டக்காரர் சார்லி சிஃபோர்டுக்குக் கடைசிவரை மாஸ்டர்ஸ் அழைப்பு வரவே இல்லை. 1975-இல்தான் லீ எல்டர் முதல் கறுப்பின ஆட்டக்காரராக அங்கே களமிறங்கினார். கொலை மிரட்டல்கள் வந்ததால், தான் எங்கே தங்குகிறேன் என்று தெரியாமலிருக்க அந்த வாரம் இரண்டு வீடுகளை வாடகைக்கு எடுத்திருந்தார். அந்த வாரத்தில் அவர் ஒரு கோப்பைத் தேநீரைக்கூட நிம்மதியாகக் குடித்திருப்பாரா என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. 1997-இல் கறுப்பின ஆட்டக்காரரான டைகர் உட்ஸ், அடுத்து வந்தவரைவிடப் பன்னிரண்டு முறை குறைவாகப் பந்தை அடித்து வென்றபோது அதைப் பார்க்க எல்டர் வந்திருந்தார். சிஃபோர்டுக்கும் எல்டருக்கும் உட்ஸ் நன்றி சொன்னார். கிளப் தன் முதல் கறுப்பின உறுப்பினரைச் சேர்த்ததே 1990-இல்தான். பெண்களுக்கு 2012 வரை உறுப்பினராக வழியில்லை.

2021 ஏப்ரலில் நிக்லஸுக்கும் கேரி பிளேயருக்கும் அருகே எல்டரை, முதல் பந்தை அடித்துப் போட்டியைத் தொடங்கிவைக்கும் கௌரவத் தொடக்க ஆட்டக்காரராக உட்கார வைத்தார்கள். உடல்நிலை இடம் கொடுக்காததால் அவர் பந்தை அடிக்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் காலமானார். அந்த மரியாதை நல்லதுதான். ஆனால் நாற்பத்தாறு ஆண்டுகள் தாமதம் என்பதையும் எழுத வேண்டாமா?

மாஸ்டர்ஸைக் குறை சொல்வது என் நோக்கமன்று. எனக்கு மிகவும் பிடித்த போட்டி அது. அதனால்தான் கேட்கிறேன்: அடுத்த ஏப்ரலில் பச்சைக் கோட்டின் படத்தை வெளியிடும்போது, கிரென்ஷாவை ஜாக்சன் தாங்கி நிற்கும் படத்தையும் போடுங்கள். படத்தின் கீழே இரண்டு பேருடைய பெயரும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
உதகமண்டலம்.