நேபாளத்தில் பள்ளி கட்டச் செல்வோர் கவனத்துக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை நெருங்கினால், வெளிநாட்டு மலைக்கிராமங்களில் கூடாரமடித்துத் தங்கிப் பள்ளிக்கூடம் கட்டித் தரக் கல்லூரி மாணவர்களை அழைக்கும் அறிவிப்புகள் நம் ஊர்களிலும் காணப்படுகின்றன. கட்டுமானத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையிலும், நேபாளத்தின் கோர்க்கா மாவட்டத்தில் அத்தகைய முகாம் ஒன்றில் தங்கி வேலை செய்தவன் என்ற முறையிலும், போக விரும்பும் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் சிலவற்றைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன்.

2015 ஏப்ரல் 25 அன்று கோர்க்காவின் பார்ப்பாக் பகுதியை மையமாகக் கொண்டு 7.8 அளவில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 9,000 பேர் மாண்டனர். ஆயிரக்கணக்கான பள்ளிகள் இடிந்தும் விரிசல்விட்டும் போயின. அன்று சனிக்கிழமை, நேபாளத்தின் வார விடுமுறை நாள் என்பதால்தான் அந்த வகுப்பறைகளில் குழந்தைகள் இல்லை. 2023 நவம்பரில் மேற்கு நேபாளத்தின் ஜாஜர்கோட் பகுதி நிலநடுக்கத்தில் குலுங்கியதோ நள்ளிரவை ஒட்டிய நேரத்தில். அடுத்த முறையும் நேரம் கைகொடுக்கும் என்று நம்பி எவரும் ஒரு பள்ளிச் சுவரை எழுப்ப முடியாது.

அங்குள்ள பழைய சுவர்கள் மண் சாந்தில் கட்டப்பட்டவை. உட்புறமும் வெளிப்புறமும் தனித்தனியே கல் அடுக்கி, நடுவில் சல்லியைக் கொட்டி நிரப்பியிருப்பார்கள். நிலம் ஆடியதும் இரண்டு முகங்களும் பிரிந்து சரிந்துவிடும். இதைத் தடுக்க, சுவரின் முழுத் தடிமனுக்கும் ஊடே செல்லும் நீளக் கற்களை ஒவ்வொரு 60 செ.மீ. உயரத்திலும் 1.2 மீட்டருக்கு மிகாத இடைவெளியில் பதிக்க வேண்டும். மூலைகளில் கற்கள் ஒன்றையொன்று கவ்வ வேண்டும். ஜன்னலின் அடிமட்டத்திலும், கதவு ஜன்னல்களின் மேல்விளிம்பான லிண்டல் மட்டத்திலும் கம்பி வைத்த கான்கிரீட் பட்டை கட்டடத்தைச் சுற்றி ஓட வேண்டும். பூச்சு முடிந்த பிறகு இவற்றில் ஒன்றுகூட வெளியே தெரியாது. ஆகவே கரணையைப் பிடிக்க வேண்டியவர், நிலநடுக்கம் தாங்கும் கட்டுமானத்தில் பயிற்சி பெற்ற உள்ளூர்க் கொத்தனாரே தவிர, இரண்டு வார விடுமுறையில் வந்திறங்கும் மாணவர் அல்லர்.

அப்படியானால் மாணவருக்கு அங்கே வேலை இல்லையா என்றால், நிறையவே இருக்கிறது. கல் சுமப்பது, மணல் சலிப்பது, கம்பி கட்டக் கைகொடுப்பது என்று ஒரு சித்தாள் செய்யும் அத்தனையும் அவர் செய்யலாம். வார்த்த கான்கிரீட் பட்டை குறைந்தது 7 நாட்களாவது ஈரம் காயாமல் இருக்க வேண்டும். எங்கள் முகாமில் மாணவர்கள் பள்ளத்திலிருந்த ஊற்றிலிருந்து குடங்களில் நீர் சுமந்து வந்து, பட்டையின்மேல் போர்த்திய கோணிகளை விடியலிலும் நண்பகலிலும் அந்தியிலும் நனைத்தார்கள். புகைப்படத்தில் எடுபடாத அந்த வேலைதான் கட்டடத்துக்கு உண்மையான பலத்தைத் தந்தது என்று உறுதியாகச் சொல்வேன்.

கூடாரம் அடிப்பதிலும் கவனம் வேண்டும். மலைக்கிராமத்தில் சமதரை என்பது பெரும்பாலும் பள்ளி மைதானமாகவோ ஒருவரின் படிக்கட்டு வயலாகவோதான் இருக்கும். இருபது பேர் கொண்ட முகாம் ஊருக்கு இருக்கும் ஒரே குழாயைப் பகிரும்போது காத்திருப்பவர்கள் அவ்வூர்ப் பெண்களே. கழிப்பறைக் குழியை நீர்நிலைக்கு மேலுள்ள சரிவில் தோண்டினால் தீங்கும் அவர்களுக்கே. மேலும் ஜூன் நடுப்பகுதியில் பருவமழை தொடங்கி மண்சரிவால் சாலைகள் அடைபடுவதால், நம் கோடை விடுமுறையின் பிற்பகுதி இதற்கு ஏற்றதன்று. இந்தியக் குடிமக்களுக்கு நேபாளம் செல்ல விசா தேவையில்லை. ஆனால் சிங்கப்பூர், மலேசியா போன்ற நாடுகளின் தமிழர்கள், சுற்றுலா விசாவில் சென்று ஊதியமின்றி வேலை செய்வதும் அங்கே சட்டமீறல் என்பதை அறிந்திருக்க வேண்டும்.

நாட்டு நலப்பணித் திட்டத்தின் 7 நாள் முகாம்களில் கிராமப் பள்ளிகளில் தங்கி உழைத்துப் பழகிய நம் மாணவர்களுக்கு இந்தப் பணி புதிதன்று. அவர்களின் மனத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் பணம் கட்டுவதற்கு முன், கட்டட வரைபடத்துக்கு அங்குள்ள எந்த அலுவலகம் ஒப்புதல் அளித்தது, தலைமைக் கொத்தனார் யார், தாங்கள் செலுத்தும் தொகையில் உள்ளூர்க் கூலிக்குப் போவது எவ்வளவு, தாங்கள் திரும்பிய பின் எஞ்சிய வேலையை முடிப்பவர் யார் என்று எழுத்தில் கேட்டு வாங்குமாறு அவர்களை வேண்டுகிறேன். இவற்றுக்குத் தெளிவாகப் பதில் தரும் அமைப்பென்றால் பெற்றோர் தயங்காமல் அனுப்பி வைக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்,
திருச்சிராப்பள்ளி.