எங்க மாமியாரோட இருமலும் உங்க டாக்டரோட அறிவுரையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயித்துக்கிழமை மருத்துவ இணைப்புல "நோயாளியே மையம்"னு தலைப்பு போட்டு நாலு பக்கம் எழுதியிருந்தீங்க. நல்லாத்தான் போச்சு, மூணாவது பக்கம் வர்ற வரைக்கும். அங்க ஒரு பெரிய டாக்டர் பேட்டியில, "கேள்வி கேக்குறதுல காட்டுற ஆர்வத்தை மாத்திரை சாப்பிடுறதுல காட்டினாலே பாதிப் பேருக்கு குணமாயிடும்"னு சொல்லியிருக்காரு. அவரு சொன்னது இருக்கட்டும், அதைப் போயி கட்டம் கட்டி கொட்டை எழுத்துல போட்டிருக்கீங்களே, அதுதான் சார் தாங்கல.

எங்க மாமியார் ஒரு வேளை மாத்திரைகூட விட்டதில்ல. பிரச்சனையே அதுல இருந்துதான் வந்துச்சு. பிரஷருக்குன்னு புதுசா ஒரு மாத்திரை எழுதிக் குடுத்தாங்க, கொஞ்ச நாள்ல வறட்டு இருமல் ஆரம்பிச்சுது. சளி கிடையாது, ஜுரம் கிடையாது, தொண்டையில முடி மாட்டின மாதிரி ஒரு அரிப்பு, படுத்தா போதும் இருமல், ராத்திரி முழுக்க உக்காந்துக்கிட்டே இருப்பாங்க. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். "டாக்டர், அந்தப் புது மாத்திரை ஆரம்பிச்சதுல இருந்து..."ன்னு இவங்க வாயத் தொறந்ததும் "சளி வருதா?"ன்னாரு. "இல்ல, ஆனா அந்த..." "ஜுரம்?" "இல்லங்க, அது வந்து..." அதுக்குள்ள சிரப் பேரு கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சு, வெளிய அடுத்த பேரைக் கூப்பிட்டுட்டாங்க. சிரப்புக்கு அப்புறம் ஆன்டிபயாடிக், அப்புறம் எக்ஸ்ரே, அப்புறம் அலர்ஜின்னு வேற ஒரு டாக்டர், மூக்குல வாயில மாஸ்க் மாட்டி மருந்துப் புகையை இழுக்க வச்சாங்க. ஒவ்வொரு இடத்துலயும் அவங்க அந்த வாக்கியத்தைத் தொடங்கினாங்க, ஒரு இடத்துலயும் முடிக்கல.

கடைசியில வழக்கமான டாக்டர் லீவுல போனப்போ அவருக்குப் பதிலா ஒரு சின்னப் பையன் உக்காந்திருந்தாரு. கம்ப்யூட்டரைத் தள்ளி வச்சுட்டு "சொல்லுங்கம்மா"ன்னுட்டு சும்மா இருந்தாரு, அவ்வளவுதான் அவர் செஞ்சது. இவங்களும் பக்கத்து வீட்டுக் கதை, மகன் கதையெல்லாம் சேத்துச் சொல்லி நடுவுல அந்த மாத்திரைக்கு வந்தாங்க. அட்டையைக் காட்டச் சொல்லிப் பாத்தாரு. ராமிப்ரில். "இதுவாத்தான் இருக்கும்"னுட்டாரு. ஏசிஈ இன்ஹிபிட்டர்னு பிரஷர் மாத்திரையில ஒரு வகையாம், அதைச் சாப்பிட்டா பிராடிகைனின்னு உடம்புலயே உண்டாகுற ஒரு பொருள் கரையாம தேங்கி மூச்சுக்குழாயை உறுத்துமாம், சில பேருக்கு வறட்டு இருமல் வரும், பொம்பளைங்களுக்கு இன்னும் அதிகமாம். இது ஏதோ புதுக் கண்டுபிடிப்பு இல்ல சார், மருத்துவக் கல்லூரியில பாடமா படிக்கிற விஷயம். வேற வகை மாத்திரைக்கு மாத்தினாரு, சில வாரத்துல இருமல் நின்னுடுச்சு. (இதைப் படிச்சுட்டு யாரும் தானா மாத்திரையை நிறுத்திடாதீங்க, டாக்டர்கிட்ட கேட்டுத்தான் மாத்தணும். அதுக்கு அவரு பேச விடணும், அது வேற விஷயம்.)

இப்ப சொல்லுங்க, எங்க மாமியார் மாத்திரையில ஆர்வம் காட்டலையா, இல்ல கேள்வி கேக்க ஆர்வம் காட்டினதுதான் தப்பா?

பத்திரிகை நடத்துற உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல, இதையெல்லாம் கணக்கெடுத்தே வச்சிருக்காங்க. 1984-லயே அமெரிக்காவுல பெக்மன், ஃபிராங்கல்னு ரெண்டு பேரு, டாக்டரும் நோயாளியும் பேசினதை 74 தடவை ரெக்கார்ட் பண்ணிக் கேட்டாங்க. நோயாளி ஆரம்பிச்சு சராசரியா 18 செகண்ட்ல டாக்டர் குறுக்க வந்துட்டாராம், சொல்ல வந்ததை முழுசா சொல்லி முடிச்சது 17 தடவைதான். சரி, பேச விட்டா விடிய விடிய பேசுவாங்களேன்னு கேப்பீங்க. அதையும் பாத்துட்டாங்க. 2002-ல வந்த ஆய்வு, சுவிட்சர்லாந்துல ஒரு ஆஸ்பத்திரியில 335 நோயாளிங்களை அவங்களா நிறுத்துற வரைக்கும் பேச விட்டாங்க, சராசரி 92 செகண்ட். அஞ்சு நிமிஷத்தைத் தாண்டினது ஏழே ஏழு பேரு. எங்களுக்கு ஆன எக்ஸ்ரே, ஆன்டிபயாடிக், அலைச்சல் எல்லாம் இந்த ஒண்ணரை நிமிஷத்தை மிச்சம் பிடிக்கத்தானா?

டாக்டருங்க மேல மட்டும் பழி போடல. வெளிய கூட்டம் நெரியுது, உள்ள ஒரே ஆளு, அவரும் மனுஷன்தானே. 67 நாட்டுல ஒரு நோயாளிக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குறாங்கன்னு பாத்து 2017-ல ஒரு கணக்கு வந்துச்சு, ஸ்வீடன்ல இருபத்திரண்டரை நிமிஷம், பங்களாதேஷ்ல 48 செகண்ட். 48 செகண்ட்ல யாராலயும் எதுவும் கேக்க முடியாது, ஒத்துக்கறேன். ஆனா பேட்டியில அந்த டாக்டர் "எங்களுக்கு நேரமில்ல"ன்னு சொல்லலையே, நாங்க கேள்வி கேக்குறோம்னு இல்ல குறைபட்டுக்கிறாரு.

பாதிப் பேரு மாத்திரையை ஒழுங்கா சாப்பிடறதில்லங்கறது பொய்யில்ல, உலக சுகாதார நிறுவனமே 2003-ல அப்படித்தான் சொல்லுச்சு, நீண்ட நாள் நோய்ங்களுக்கு வளர்ந்த நாடுகள்லயே சராசரி 50 சதவீதம்தான்னு. ஆனா அதே அறிக்கையில நோயாளியைக் குறை சொல்லாதீங்க, கைகுடுங்கன்னும் இருக்கு. அதை யாரும் கட்டம் கட்டிப் போட மாட்டேங்கறீங்க. மாத்திரை எதுக்குன்னு புரியல, உடம்புக்கு ஒத்துக்கல, ஒத்துக்கலன்னு சொன்னா கேக்க ஆளில்ல, அப்புறம் எப்படி சாப்பிடுவாங்க? "நான் சொன்னதை உங்க பாஷையில திருப்பிச் சொல்லுங்க"ன்னு கேட்டுப் பாக்குற ஒரு முறை இருக்கு, காசு செலவில்ல, மெஷின் வேண்டாம். நான் போன இடத்துல ஒருத்தர்கூட அப்படிக் கேட்டதில்ல. "புரிஞ்சுதா?"ம்பாங்க, நாமளும் தலையாட்டுவோம்.

ஆரம்பிச்சுட்டேன், இதையும் சொல்லிடறேன். மாமியார் எதிர்லயே உக்காந்திருப்பாங்க, டாக்டர் என்னப் பாத்து "இவங்களுக்கு தூக்கம் வருதா?"ம்பாரு. காது நல்லாக் கேக்கும் சார் அவங்களுக்கு, என்னைவிட நல்லாவே கேக்கும். போன வருஷம் அட்மிட் பண்ணியிருந்தப்போ அவங்க பேரு "ஏழாம் நம்பர் பெட்". ரவுண்ட்ஸ் வர்றவங்க காலடியில நின்னு அவங்களைப் பத்தி அவங்களுக்குப் புரியாத பாஷையில பேசிட்டு அடுத்த பெட்டுக்குப் போயிடுவாங்க. ஒருநாள் ஸ்க்ரீனை இழுக்காமலே துணியை விலக்கினாங்க, இவங்க மூஞ்சியைச் செவுத்துப் பக்கம் திருப்பிக்கிட்டாங்க, அன்னிக்கு முழுக்க யார்கிட்டயும் பேசல. ஒரு தடவை ஸ்கேனுக்குன்னு காலையில இருந்து வெறும் வயித்தோட வச்சிருந்து, சாயங்காலம் "நாளைக்குத்தான்"னு சொல்லிட்டுப் போனது யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது, ஏன்னா வர்ற யாருமே பேரு சொல்றதில்ல. இங்கிலாந்துல கேட் கிரேஞ்சர்னு ஒரு டாக்டர், அவங்களுக்கே புற்றுநோய் வந்து படுத்தப்போதான், பாக்க வர்றவங்க தன்னோட பேரைக்கூட சொல்றதில்லன்னு உறைச்சிருக்கு. 2013-ல "வணக்கம், என் பேரு இது"ன்னு சொல்ல வைக்க ஒரு இயக்கமே ஆரம்பிச்சாங்க, 2016-ல இறந்துட்டாங்க. டாக்டருக்கே அந்தக் கதின்னா ஏழாம் நம்பர் பெட்டுக்கு என்ன?

உங்களையும் விடறதா இல்ல, மன்னிக்கணும். இதே மாதிரி முன்னாடி ஒரு கடிதம் எழுதினேன், ரெண்டு வரி போட்டீங்க, அதுவும் பாராட்டின ரெண்டு வரி. அந்த இணைப்போட கடைசிப் பக்கம் முழுசா ஆஸ்பத்திரி விளம்பரம், ஒரு டாக்டர் ஒரு பாட்டி கையைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கிறாரு. ரெண்டு பேருமே மாடல்ங்கன்னு பாத்தாலே தெரியுது.

நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. அடுத்த மருத்துவ இணைப்புல குறுக்கெழுத்துப் போட்டி அளவுக்கு இடம் ஒதுக்கி, வெட்டி எடுத்துக்கற மாதிரி ஒரு கட்டம் போடுங்க. இப்ப சாப்பிடற மாத்திரைங்க பேரு, எப்பத்துல இருந்து சாப்பிடறேன், ஆரம்பிச்சப்புறம் உடம்புல என்ன மாறுச்சு, டாக்டர்கிட்ட கேக்க வேண்டிய மூணு கேள்வி. நிரப்பி மேஜைல வச்சுட்டா வாயால சொல்ல விடலன்னாலும் கண்ணுலயாவது படும். எழுத்து மட்டும் கொஞ்சம் பெருசா இருக்கட்டும், உங்க இணைப்புல உள்ளது கண்ணாடி போட்டாலும் தெரியலன்னு மாமியார் சொல்றாங்க.

இப்படிக்கு,
ரொம்ப வருஷமா உங்க பத்திரிகை வாங்குற ஒரு வாசகி