ரைபிள் தோட்டா நிரப்பப் பழகுகிறவர்களுக்கு: பவுடரும் பிரைமரும் வாங்கும் முன்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நவம்பர் வந்தால் டெக்சாஸில் மான் வேட்டைப் பருவம். ஹூஸ்டன் பக்கத்தில் இருக்கும் நம் கடைக்கு வரும் தமிழ் நண்பர்கள் சில வாரங்களாக ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "ரீலோடிங் பழகலாம் என்று இருக்கிறேன், எந்தப் பவுடர் நல்லது, எந்த பிரைமர் நல்லது?" பின்னால் வரிசை நிற்கும்போது இதற்கு அரைகுறையாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அதனால் இந்த மடல். ரீலோடிங் என்றால் சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டை வீட்டிலேயே மறுபடி நிரப்புவது. கூட்டுக்குள் இருக்கும் வெடிமருந்து பவுடர், கூட்டின் அடியில் இருந்து அதைப் பற்றவைக்கும் சிறு மூடி பிரைமர், முனையில் இருந்து பறந்து போவது குண்டு.

முதலில் சட்டம். எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை போடுகிறது. ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. பலருக்குத் தெரியாத விஷயம் இன்னொன்று: அந்தச் சட்டத்தின் கண்ணில் பிரைமர், பவுடர், காலிக் கூடு, குண்டு ஒவ்வொன்றும் தனித்தனியாகவே 'தோட்டா'தான். "நான் துப்பாக்கி வாங்கவில்லையே, ஒரு டப்பா பவுடர்தானே" என்று சொல்லித் தப்ப முடியாது. கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்த விசாத் தடை இல்லை. சந்தேகம் இருந்தால் வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். குடியேற்ற வழக்கில் மாட்டிக்கொண்டு குடும்பம் தவிப்பதைவிட ஒரு பருவம் காத்திருப்பது மேல். சொந்த உபயோகத்துக்கு நிரப்ப மத்திய உரிமம் வேண்டாம். நிரப்பி விற்கத் தொடங்கினால் உரிமம் கட்டாயம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எது நல்ல பவுடர் என்று கேட்காதீர்கள். உங்கள் ரைபிளுக்கும் நீங்கள் வைக்கப்போகும் குண்டுக்கும் புத்தகத்தில் எது எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். எவ்வளவு பவுடர் போடுவது என்று சொல்லும் அளவுப் புத்தகத்தை ஹார்னடி, லைமன், சியரா ஆகிய நிறுவனங்கள் போடுகின்றன. ஹாட்ஜ்டன் நிறுவனம் தன் அளவுகளை இணையத்தில் இலவசமாகவே தருகிறது. அதில் ஒவ்வொரு வரியும் ஒரு முழுச் சேர்மானம்: குண்டின் எடை, கூடு, பிரைமர், பவுடர், தோட்டாவின் மொத்த நீளம், தொடக்க அளவு, உச்ச அளவு. அப்படிச் சேர்த்துத்தான் சோதனைச் சாலையில் அழுத்தத்தை அளந்திருக்கிறார்கள். .308 வின்செஸ்டர் என்ற ரைபிள் தோட்டா வகைக்கு உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. அது உங்கள் கன்னத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நடக்கிறது. ஆகவே முதலில் புத்தகம், பிறகு குண்டு, பிறகு பவுடர், கடைசியில் பிரைமர். இந்த வரிசையில் வாங்குங்கள்.

பவுடர் ஒவ்வொன்றும் எரியும் வேகத்தில் வேறுபடும். விறகு அடுப்பு மூட்டியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். சுள்ளி சட்டென்று பற்றி அடங்கும், கட்டை நின்று எரியும். கைத்துப்பாக்கிப் பவுடர் சுள்ளி போல. பெரிய மேக்னம் ரைபிளுக்கானது கட்டை போல. .223, .308 போன்றவை நடுவில் நிற்கின்றன. கட்டைக்குரிய கூட்டில் சுள்ளியைத் திணித்தால் குண்டு நகரும் முன்பே அழுத்தம் உச்சிக்குப் போய் ரைபிளே வெடித்துவிடும். எரிவேகப் பட்டியல்களை வாங்கிப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அது வரிசை மட்டும்தான். பட்டியலில் அடுத்தடுத்து இருப்பதால் ஒன்றின் அளவை மற்றொன்றுக்குப் போடலாம் என்று அர்த்தமில்லை.

பெயரிலும் கவனம் வேண்டும். 4895 என்ற பவுடர் எம்1 காரண்ட் ரைபிளின் .30-06 ராணுவத் தோட்டாவில் இருந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு மிஞ்சிய சரக்கை புரூஸ் ஹாட்ஜ்டன் என்பவர் கான்சஸில் இருந்து வேட்டைக்காரர்களுக்கு விற்றார். அந்த நிறுவனம் அப்படித்தான் தொடங்கியது. இன்று எச்4895 என்று ஒன்று, ஐ.எம்.ஆர். 4895 என்று இன்னொன்று. இரண்டையும் விற்பது ஹாட்ஜ்டன்தான், எண்ணும் ஒன்றுதான், ஆனால் அளவு ஒன்றல்ல. 4350, 4831 ஆகியவற்றிலும் இதே கதை. அதனால் பில் போடும்போது டப்பாவின் முழுப் பெயரை வாய்விட்டு வாசிப்பேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதியவர்களுக்கு நான் கை காட்டுவது கூட்டை ஓரளவு நிறைக்கும் நடுத்தர வேகப் பவுடர்களைத்தான். .308-க்கு எச்4895, வார்கெட் இரண்டும் அந்த வகை. கூடு பாதிக்கு மேல் நிறைந்துவிடுவதால், தவறி இரண்டாம் முறை கொட்டினால் வழிந்து உங்களுக்கே காட்டிக்கொடுக்கும். வெயில் குளிருக்கு இவை அதிகம் மாறாதவை, நம் ஊர் ஆகஸ்ட் வெயிலில் அது பெரிய விஷயம். குச்சி வடிவ மணிகள் என்பதால், பவுடரை அளந்து கொட்டும் கருவியான அளவியில் கொஞ்சம் சிக்கும். உருண்டைப் பவுடர் தண்ணீர் போல இறங்கும். இருந்தாலும் தொடக்கத்தில் ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்துப் போடப் போகிறீர்கள், அதனால் குச்சி மணியே போதும். பவுண்டுக்கு 7000 கிரெய்ன். .308-க்கு நாற்பத்துச் சொச்சம் கிரெய்ன் வீதம் போனால் ஒரு டப்பாவில் ஏறக்குறைய நூற்றைம்பது தோட்டா வரும். பழக அது தாராளம், எட்டு பவுண்டு டப்பா இப்போது வேண்டாம். அளவை மட்டும் இந்த மடலில் இருந்து எடுக்காதீர்கள். புத்தகத்தின் தொடக்க அளவில் ஆரம்பித்துச் சிறுகச் சிறுக ஏற்றுங்கள். சுட்ட பிறகு ரைபிளின் போல்ட் கைப்பிடி தூக்கக் கனத்தாலோ, பிரைமர் தட்டையாக நசுங்கினாலோ அழுத்தம் மிஞ்சுகிறது என்று அர்த்தம், அங்கேயே நிறுத்துங்கள்.

பிரைமருக்கு வருவோம். ஒற்றைத் துளை உள்ள பாக்ஸர் வகைக் கூடுதான் வீட்டில் நிரப்ப ஏற்றது. இரட்டைத் துளை பெர்டான் வகையைத் தொடாதீர்கள். ரைபிள் பிரைமரில் சிறிது, பெரிது என இரண்டு அளவு. .223-க்குச் சிறிது, .308-க்கும் .30-06-க்கும் பெரிது. ஆனால் சில .308 கூடுகளும் 6.5 கிரீட்மூர் கூடுகளும் சிறிய குழியோடு வருகின்றன. கூட்டைப் பார்க்காமல் பிரைமர் வாங்க வேண்டாம். சிறிய கைத்துப்பாக்கி பிரைமர் ரைபிள் கூட்டில் கச்சிதமாக உட்காரும், அதுதான் ஆபத்து: அதன் தகடு மெல்லியது, ரைபிள் அழுத்தத்தில் ஓட்டையாகிவிடும்.

மேக்னம் பிரைமர் என்றால் கூடுதல் பலம் என்று நினைத்துக் கேட்கிறார்கள். அதன் சுடர் வெப்பமானது, பெரிய கூட்டில் மெதுவாக எரியும் பவுடரைப் பற்றவைக்க உருவானது. புத்தகம் சொன்னால் மட்டும் போடுங்கள். சாதாரண .308-க்கு சி.சி.ஐ. 200, ஃபெடரல் 210 போன்றவை போதும். ஏ.ஆர். வகை, காரண்ட் போன்ற ரைபிள்களில் பிரைமரைத் தட்டும் சுடும் ஊசி தடையின்றி ஆடும், தோட்டா உள்ளே ஏறும்போதே பிரைமரை லேசாகத் தொடக்கூடும். அவற்றுக்கென எளிதில் வெடிக்காத சி.சி.ஐ. 34, 41 என்ற ராணுவத் தர பிரைமர்கள் உண்டு. எதைப் போட்டாலும் பிரைமர் கூட்டின் அடிமட்டத்துக்குச் சற்று கீழே இறங்கியிருக்க வேண்டும். விரலால் தடவிப் பாருங்கள், துருத்திக்கொண்டிருந்தால் தானாகவே வெடிக்க வாய்ப்புண்டு.

2020-க்குப் பிறகு பிரைமரே கிடைக்காத நாட்களில் "இருப்பதைக் கொடுங்கள், போட்டுப் பார்க்கிறேன்" என்று பலர் கேட்டார்கள். கொடுக்கவில்லை. இனியும் அப்படித்தான். பிரைமர் பிராண்டை மாற்றினாலும் தொடக்க அளவுக்கு இறங்கி மறுபடி ஏற வேண்டும்.

நான் பழகிய புதிதில் இரண்டு டப்பா மேஜையில் இருக்க, அளவியில் மிஞ்சிய பவுடரை வேறு டப்பாவில் கொட்டிவிட்டேன். வாய்விட்டுப் பெயரை வாசித்திருந்தால் நடந்திராது. அன்று முழு டப்பாவையும் புல்தரையில் மெல்லியதாகத் தூவிவிட்டேன், அதில் உள்ள நைட்ரஜன் புல்லுக்கு உரம். அன்றிலிருந்து மேஜையில் ஒரே டப்பாதான். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

வீட்டில் வைப்பதற்கு ஒரு சொல். பவுடர் திறந்த வெளியில் எரியும், பிரைமர் வெடிக்கும். பிரைமரை அதன் பெட்டியிலேயே வையுங்கள், கண்ணாடிப் பாட்டிலில் கொட்டினால் ஒன்று வெடிக்க அத்தனையும் வெடிக்கும். அமெரிக்கத் தீப்பாதுகாப்புத் தரம் என்.எஃப்.பி.ஏ. 495 வீட்டில் 20 பவுண்டு பவுடரும் 10,000 பிரைமரும் வரை இடம் தருகிறது. உங்கள் நகர விதி இன்னும் இறுக்கமாக இருக்கலாம். குழந்தைகள் எட்டாத, பூட்டிய, உலர்ந்த இடம் வேண்டும். கார் டிக்கி கூடாது. ஊருக்குக் கிளம்பும்போது சுடும் பயிற்சி மைதானத்துக்குக் கொண்டுபோகும் பையை விமானத்துக்கு எடுக்காதீர்கள். பவுடரும் பிரைமரும் எந்தப் பெட்டியிலும் அனுமதி இல்லை.

அடுத்த முறை வரும்போது சுட்ட காலிக் கூடு ஒன்று, உங்கள் குண்டுப் பெட்டி, ரைபிளின் மாடல் பெயர் மூன்றையும் கொண்டு வாருங்கள். சனிக்கிழமை காலையில் கூட்டம் வரும் முன் புத்தகத்தை விரித்து உட்காரலாம்.

அன்புடன்,
கடையிலிருந்து