செயலாளரின் ஆண்டறிக்கை (கூட்டத்துக்கு வராதவர்களும் படிக்க)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை நண்பர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

கூட்டம் காலை 10 மணிக்கு என்று அழைப்பில் போட்டிருந்தோம். போதிய ஆள் சேர 11:20 ஆகிவிட்டது. காத்திருந்த நேரத்தில் இந்த அறிக்கையை மறுபடி படித்து அங்கங்கே சில வரிகள் சேர்த்தேன். நீளம் கூடியிருந்தால் தாமதமாக வந்தவர்கள் பழியைப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

வழக்கமான நடவடிக்கைகள்

பொங்கல் கோலப்போட்டி நடந்தது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போட்டோம். தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு சேர்ந்த பிள்ளைகளுக்குப் புத்தகப்பை கொடுத்தோம். எல்லாரும் கூடிச் செய்யும் கோத்தோங் ரோயோங் வேலை இரண்டு முறை, இரண்டாவதில் மழை. மறைந்த மூன்று உறுப்பினர்களின் குடும்பங்களுக்கு மரண சகாய நிதி போய்ச் சேர்ந்தது. செயலவை ஆறு முறை கூடியது.

மின் பாதுகாப்புத் திட்டம்

உறுப்பினர் வீடுகளுக்கு ஒயர்மேனை (மின்பணியாளரை) அழைத்துப்போய் ஒயரிங்கைப் பார்க்கும் திட்டம் இது. இதற்காகப் புலனக் குழுவில் (வாட்ஸ்அப்பில்) என்னைப் பற்றி எழுதப்பட்டதை எல்லாம் படித்தேன். சங்கக் காசில் ஒயர்மேனைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்த் தே (டீ) குடித்துவிட்டு வருகிறேன் என்றும், 'பிளக் செயலாளர்' என்றும் எழுதியிருந்தீர்கள். பதில் இங்கே பதிவாகட்டும்.

கெடா மாநிலத்துப் பீடோங்கைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பிறந்த நம்மில் பலருக்குச் சிறுவயதில் மின்சாரம் என்றால் ஜெனரேட்டர் ஓடும்வரை லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) எரியும் ஒரு குண்டு பல்புதான். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்தபோது அறைக்கு ஒரு பிளக் பாயிண்ட் இருந்ததே பெரிய வசதி. ஒயர் இன்றும் அதேதான். அதில் இப்போது ஏர்கோன், வாட்டர் ஹீட்டர், வாஷிங் மெஷின், மகள் வாங்கிக் கொடுத்த ஏர் ஃபிரையர் எல்லாம் ஓடுகின்றன. பாயிண்ட் போதாததால் எக்ஸ்டென்ஷன், அதன் வாலில் இன்னொரு எக்ஸ்டென்ஷன்.

கணக்கு சொல்கிறேன். தண்ணீர் கொதிக்க வைக்கும் கெத்தல் 2000 வாட், இஸ்திரிப் பெட்டி 1200, ரைஸ் குக்கர் 700. மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் போட்டால் 3900 வாட். நம் மலேசியாவின் 230 வோல்ட்டில் அது ஏறக்குறைய 17 ஆம்பியர். பிளக்கில் இருக்கும் ஃபியூஸ் 13. 'அப்ப ஃபியூஸ் போயிடுமே' என்று நானும் நினைத்திருந்தேன். ஒயர்மேன் சிரித்தார். 13ஐத் தாண்டிய நொடியே அது அறுந்துவிடாது. 17 ஓடினாலும் நெடுநேரம் தாங்கும். அதற்குள் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மலிவாக வாங்கிய மெல்லிய ஒயர் உள்ளுக்குள் வெந்துவிடும். அதனால்தான் சிரிம் தர முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொன்னேன். சுருட்டி வைத்த எக்ஸ்டென்ஷன் இன்னும் மோசம். சூடு போக வழியில்லை.

27 வீடுகள் பார்த்தோம். மூன்று பின் பிளக் பாயிண்டில் இரண்டு பின் சார்ஜரைச் செருக, மேல் துளைக்குள் பேனா மூடியோ ஐஸ்கிரீம் குச்சியோ திணித்திருந்த வீடுகளை எண்ணுவதைப் பாதியில் விட்டுவிட்டேன். அப்படிச் செருகிய பிளக் ஆடிக்கொண்டே இருக்கும். ஆடும் இடத்தில் பொறி பறக்கும். ஒரு வீட்டில் பாய்க்கு அடியில் ஒயர் போகிறது, அதன்மேல் தினமும் ஆள் நடக்கிறார்கள். இன்னொரு வீட்டுக் கூரைக்குள் எலி கடித்துச் செம்பு வெளியே தெரிந்தது. மழை இடி வந்தால் டிரிப் ஆகிறது என்று மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி.யையே கழற்றி நேராக இணைத்திருந்தார் ஒருவர். "தம்பி, முப்பது வருசமா இப்படித்தான் இருக்கு, ஒன்னும் ஆகல" என்றார். வயதில் பெரியவர், நான் வாயைத் திறக்கவில்லை. ஒயர்மேன் திறந்தார்.

உறுப்பினர்கள் பலர் குழப்பிக்கொள்ளும் விஷயம் ஒன்று. மெயின் பெட்டியில் வரிசையாக இருக்கும் சின்னச் சுவிட்சுகள் மின்சாரம் அளவு மீறி ஓடினால் விழும். ஈ.எல்.சி.பி. மின்சாரம் கசிந்தால் விழும். அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்க்க வேண்டும், விழவில்லை என்றால் ஒயர்மேனைக் கூப்பிட வேண்டும். ஆனால் பிளக் பாயிண்டுக்குள் திருகாணி தளர்ந்து அந்த இடம் மட்டும் சூடேறினால் இரண்டுக்குமே தெரியாது. ஓடும் மின்சாரம் அளவு மீறவில்லை, கசியவும் இல்லை. அதைக் கண்டுபிடிக்க இருப்பவை நம் மூக்கும் கையும்தான். பிளக் சுடுகிறதா, சுற்றிலும் பழுப்பு படிந்திருக்கிறதா, சுவிட்சில் 'சர்ர்' என்று சத்தம் வருகிறதா, விளக்கு மினுக்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்தத் திட்டம் எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்களுக்கு: என் வீட்டிலிருந்து. இதுவரை சொல்லவில்லை, வெட்கம்தான். ஒரு வெள்ளிக்கிழமை மாலை. நாங்கள் கவிச்சி சமைக்காத நாள். கோவிலுக்குப் போக என் மனைவி சேலை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நெத்திலி வறுக்கும் வாடை. பக்கத்து வீட்டு அக்காவைத்தான் சந்தேகப்பட்டோம். மனைவி கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டார். அடுத்த வெள்ளியும் அதே வாடை. சாமி மேடைக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தேன். சாமி பல்பும் இஸ்திரிப் பெட்டியும் ஒன்றாகப் போட்டிருந்த அடாப்டர் பாதி உருகிச் சுவரோடு ஒட்டியிருந்தது. சூடேறும் சிலவகை பிளாஸ்டிக்குக்கு மீன் வாடை உண்டாம். மற்ற நாள்களில் எங்கள் சமையல் வாடையில் அது தெரியாமல் போயிருக்கிறது. அந்த அக்கா இன்று வந்திருக்கிறார். எங்கள் மன்னிப்பும் அறிக்கையில் ஏறட்டும்.

தீயணைப்புப் படை அதிகாரிகள் இருவரை அழைத்து மண்டபத்தில் செய்முறை விளக்கம் வைத்தோம். மின்சாரத் தீயில் தண்ணீர் ஊற்றக்கூடாது, முடிந்தால் மெயின் சுவிட்சை அடைக்க (அணைக்க) வேண்டும், முடியாவிட்டால் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து 999க்கு அழைக்க வேண்டும் என்று தீயணைப்புப் பொடி உருளையோடு காட்டினார்கள். 84 உறுப்பினர் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் ஒன்பது பேர். அதில் இரண்டு பேர் மீகோரேங் நூடுல்ஸுக்கு வந்த பையன்கள். அன்று காலை கிரிக்கெட் இருந்தது என்று சொன்னார்கள். கிரிக்கெட் இரவில்தான் என்பதைப் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

கணக்கு

ஒயர்மேனுக்கு வீட்டுக்கு 20 வெள்ளி (ரிங்கிட்), 27 வீட்டுக்கு 540 வெள்ளி. எரிசக்தி ஆணையத்தின் சான்றிதழ் உள்ளவர். தெரிந்த பையன் ஒருவன் பத்து வெள்ளிக்குச் செய்வான் என்றவர்களுக்காகச் சொல்கிறேன். முன் அனுமதி வாங்கவில்லை என்பது உண்மை. மூன்று முறை தீர்மானம் வைத்தேன், மூன்று முறையும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளப்பட்டது. மீட்டர் வரைக்கும்தான் மின்சாரம் தரும் தெனாகா நேஷனல் பார்க்கும். மீட்டருக்கு இந்தப் பக்கம் நம் பாடு.

மற்றபடி வரவும் செலவும் ஏறக்குறைய பொருந்துகின்றன. சில ரசீதுகள் பொருளாளரின் காரில் இருக்கின்றன.

ஆண்டுச் சந்தா 24 வெள்ளி. கட்டியவர்கள் 33 குடும்பம், பாக்கி 51. பெயர்களை நான் வாசிக்கப் போவதில்லை. பட்டியல் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது.

நன்றி

தலைவருக்கும், செயலவைக்கும், உட்கணக்காய்வாளர்களுக்கும், மகளிர் பிரிவுக்கும், கதவைத் திறந்து விட்ட 27 வீட்டாருக்கும் நன்றி.

வரும் ஆண்டு

மறுபடி செயலாளராக நிற்கும் ஆசை எனக்கு இல்லை. ஆனால் 57 வீடுகள் இன்னும் பார்க்கப்படவில்லை. பார்த்த வீடுகளில் எதை மாற்றச் சொன்னோம், மாற்றினார்களா என்று எழுதிய நோட்டுப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. வேறு யாராவது முன்வந்தால் இன்றே கொடுத்துவிடுகிறேன். யாரும் வரவில்லை என்றால், தீபாவளிக்குச் சரவிளக்குகள் ஏறுவதற்குள் மீதி வீடுகளை முடிக்க வேண்டும், அதற்கு 1140 வெள்ளி வேண்டும். பாக்கிச் சந்தா முழுவதும் வந்தால் 1224.

பின்னால் தே தயாராக இருக்கிறது. கெத்தலை இந்த முறை நேராகச் சுவரில் போட்டிருக்கிறோம். சந்தா டப்பா அதன் பக்கத்திலேயே இருக்கிறது, மூடியைக் கழற்றி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்